இன்னும் முந்தி முடியவில்லை

விசாரணை நாளன்று தட மரியாதை வாரியத்தின் இரண்டாம் மாடி அறையில் இருந்தவர்கள் வருமாறு. நீண்ட மேசையின் தலைப்பக்கத்தில் வாரியத் தலைவர். அவருக்கு வலக்கைப் பக்கம், மடிக்கணினிக்குப் பின்னால் பாதி மறைந்தபடி, அளவீட்டு அதிகாரி. மேசையின் மறுகோடியில், கதவை ஒட்டிப் போட்டிருந்த குட்டி மேசையில், அரக்கு, மெழுகுவர்த்தி, பித்தளை முத்திரை, பதிவேடு சகிதம் செயலர் அம்மாள். கதவுக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக முக்காலியில் ஏவலர். குற்றம் சாட்டப்பட்டவரும் அவர் மனைவியும் தலைவரின் முதுகுக்குப் பின்னால், சன்னலோரம், கைப்பிடியில்லாத இரண்டு நாற்காலிகளில்.

குற்றம் சாட்டப்பட்டவர் தலைவருக்கு முன்னால் உட்காரக் கூடாது என்பது வாரியத்தின் விதி. பின்னால் உட்கார வைத்தால்தான் ஒரு மனிதனுடைய பொறுமையின் தரம் தெரியும் என்று அதற்கு விளக்கமும் எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே விசாரணை முழுவதும் அவர் கண்டது தலைவரின் பின்மண்டையை மட்டும்தான். அதில் முடி குறைவு, நிம்மதி அதிகம்.

பின்மண்டைக்கு இடப்புறமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தால் மேசைமீது ஒரு கண்ணாடிக் குண்டு தெரியும். அதன் அடியில் அவருடைய ஓட்டுநர் உரிமம். இருபத்து மூன்று நாளாக அது அங்கே இருக்கிறது. அன்று மாலை ஐந்து மணிக்குள் அதைக் கையில் கொண்டுவந்து காட்டினால் வண்டிச் சாவியைத் தருவதாகவும், இல்லாவிட்டால் ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு வேறொருவரிடம் கொடுத்துவிடப் போவதாகவும் கம்பெனி மேலாளர் காலையில் போனில் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. வண்டி சும்மா நின்றால் தன் தலை உருளும் என்று வருத்தமாகத்தான் சொன்னார். வாரிய அலுவலகத்திலிருந்து கம்பெனிக்குப் பேருந்தில் இருபது நிமிடம். நாலரை மணிக்காவது இந்த அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். பத்து மணிக்கு என்று அழைத்த விசாரணை இரண்டு மணிக்குத் தொடங்கியது.

சக ஓட்டுநர்கள் அவரை 'நிதானம்' என்று கூப்பிடுவார்கள். பதினான்கு வருடமாகக் கான்கிரீட் கலவை வண்டி ஓட்டுகிறார். ஒரு கீறல் கிடையாது, ஒரு புகார் கிடையாது. பலகை ஐம்பது என்றால் முள் ஐம்பதில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். அப்பேர்ப்பட்ட நிதானத்தின் மீது வாரியம் சாட்டியிருந்த குற்றம், முந்தியது. அதுவும் ஏதோ ஒரு வண்டியை அல்ல, வாரியத்தின் மரியாதை ஊர்தியை.

மரியாதை ஊர்தி என்பது கூரைமீது 'பொறுமை காப்போம்' என்ற பலகை வைத்த வெள்ளைக் கார். தினமும் காலை ஒன்பதிலிருந்து அது நெடுஞ்சாலையில் போகும். தலைவரே ஓட்டுவார். அந்தச் சாலையில் போகிற பக்கத்துக்கு இரண்டு தடங்கள். ஓரத் தடம் எல்லாரும் போவதற்கு. நடுவை ஒட்டிய தடம் முந்துவதற்கு. மரியாதை ஊர்தி முந்தும் தடத்தில் முப்பதில் போகும். ஓரத் தடத்தில் வருகிறவர் முந்தும் தடத்தில் போகிறவரைக் கடக்கக் கூடாது என்று ஏழாம் விதி சொல்வதால் பக்கத்துத் தடமும் முப்பதில் போக வேண்டியதாயிற்று. ஒரே காரை வைத்து இரண்டு தடங்களையும் ஒழுங்குபடுத்த முடிந்ததைக் கண்டு வாரியமே வியந்துபோய், அந்த வருடத்துச் சாதனைக் கேடயத்தைத் தனக்கே வழங்கிக்கொண்டது.

விசாரணையின் முதல் முக்கால் மணி நேரம் வருகைப் பதிவில் கழிந்தது. பிறகு செயலர் அம்மாள் விதிகளைப் படித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தன் பொறுமைக்குச் சாட்சியாக ஒருவரை அழைத்து வரலாம். ஆனால் உடன் வந்தவரின் நடத்தை அவருடைய நடத்தையாகவே கொள்ளப்படும். வாரியத்தின் உத்தரவு உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்த பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டவரே. அந்த நேரத்துக்குள் அவர் வாரியத்தைச் சேர்ந்த எவரையும், ஊர்தியிலோ நடையிலோ, முந்தினால் அது இரண்டாம் குற்றம். இரண்டாம் குற்றத்துக்கு உரிமம் ஆயுளுக்கும் ரத்து.

"நடையிலுமா?" என்று மனைவி கணவரின் காதில் கேட்டாள். ஆயத்த ஆடைக் கடையில் தையல் வேலை செய்கிறவள். அரைநாள் விடுப்பில் வந்திருந்தாள். அவர் அவள் காலைத் தன் காலால் அழுத்தினார். செயலர் அம்மாள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

தலைவர் திரும்பாமலே பேசினார். குரல் கனிவாக இருந்தது.

"தம்பி, பயப்படாதீங்க. நாங்க தண்டிக்க வந்தவங்க இல்ல. கத்துக்கொடுக்க வந்தவங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு, அவசரமில்லாம சொல்லுங்க."

நிதானம் எழுந்து நின்று பின்மண்டையைப் பார்த்துச் சொன்னார். கலவை ஆலையிலிருந்து அன்று ஆறு வண்டிகள் ஒன்றாகக் கிளம்பின. ஓரத் தடத்தில் முதல் வண்டி அவருடையது, மற்ற ஐந்தும் பின்னால். கலவையை ஏற்றினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் டிரம்முக்குள்ளேயே இறுகிவிடும். இறுகினால் ஆள் உள்ளே இறங்கிச் சுத்தியலால் உடைக்க வேண்டும். மரியாதை ஊர்திக்குப் பக்கவாட்டில், அதைத் தாண்டாமல், முப்பதில் ஐம்பத்தைந்து நிமிடம் போனார். அப்போது டிரம்மின் சத்தம் மாறியது. சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்தது கடமுடவென்று கேட்கத் தொடங்கியது. அது கலவை இறுகத் தொடங்கும் சத்தம். ஓரத் தடத்தில் ஐம்பது அனுமதி என்று பலகை இருந்தது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டியும் இல்லை. தடம் மாறவில்லை, ஒலியெழுப்பவில்லை, விளக்கை அடிக்கவில்லை. மெல்ல ஐம்பதுக்கு வந்தார். அவ்வளவுதான்.

"நான் முந்தலீங்க சார்," என்றார் கடைசியாக. "என் தடத்துல நேராத்தான் போனேன். நீங்க பின்னால போயிட்டீங்க."

அளவீட்டு அதிகாரி கணினித் திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தலையை வெளியே நீட்டினார். தலைவரின் பின்கழுத்து லேசாகச் சிவந்து, பிறகு பழைய நிறத்துக்கு வந்தது.

"பதிவு பண்ணிக்குங்கம்மா," என்றார் தலைவர். "வாரியம் பின்னால போச்சுன்னு சொல்றார்."

தான் சொன்னது உண்மை என்பது நிதானத்துக்குத் தெரியும். உண்மை இந்த அறையில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஆறாம் விதியைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்தார். முந்தாதபோது முந்தும் தடத்தில் போகக் கூடாது, ஓரத் தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஆறாம் விதி. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி கேட்டுவிட்டாள். ரொம்பப் பணிவாகத்தான் கேட்டாள்.

"சார், அந்தத் தடம் முந்துறதுக்குத்தானே? நீங்க முந்தாம அதுல போகலாமா?"

தலைவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பல வருடங்களாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவர்போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நல்ல கேள்விம்மா. நான் முந்தாம போறேன்னு உங்களுக்கு யார் சொன்னது? நான் முந்திக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் முந்தி முடியல. அவ்வளவுதான். பதினோரு வருஷமா அந்தத் தடத்துல போறேன். ஒருத்தருக்கும் வழி விட்டதில்ல. வழி விட்டா என்ன ஆகும்? எனக்குப் பின்னால வர்றவன் முன்னால போயிடுவான். முன்னால போயிட்டா அவன் என்னைப் பார்க்க மாட்டான். என்னைப் பார்க்கலைன்னா மரியாதைய எங்க கத்துக்குவான்? சில பேர் கோபத்துல ஸ்டீயரிங்ல தலைய முட்டிக்கிறதக் கண்ணாடியில பார்த்திருக்கேன். அப்ப எனக்கு மனசு நிறைஞ்சிடும். பாவம், உள்ளே இருக்கிற அவசரம் வெளியே போகுதுன்னு."

இதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பதினேழு நிமிடம் ஆயிற்று. இடையிடையே நிறுத்தி, செயலர் அம்மாள் எழுதி முடித்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டார். மணி மூன்று பத்து.

அடுத்தது சாட்சியம். ஊர்தியின் பின்கண்ணாடியில் பொருத்திய கேமராவின் பதிவு. மொத்தம் நாற்பத்தாறு நிமிடம். சம்பவம் கடைசி நிமிடத்தில்தான் வருகிறது என்று அளவீட்டு அதிகாரியே ஒப்புக்கொண்டார். அப்படியானால் கடைசி நிமிடத்தை மட்டும் போடலாமா என்று நிதானம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதிகாரி அதிர்ச்சியடைந்தார். படத்தை ஓடவிட்டுத் தள்ளுவதும் ஒருவகை முந்துதலே என்று வாரியம் நான்கு வருடங்களுக்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தது.

ஆகவே பார்த்தார்கள். திரையில் வண்டிகள் நின்றன. இல்லை, நகர்ந்துகொண்டிருந்தன, கூர்ந்து பார்த்தால் தெரிந்தது. இரண்டு தடங்களிலும் வரிசை பின்னால் நீண்டு வளைவில் மறைந்தது. ஒரு லாரி ஓட்டுநர் ஸ்டீயரிங்மீது கையை மடித்துவைத்து அதன்மேல் மோவாயை வைத்திருந்தார். ஒரு காரில் இரண்டு குழந்தைகள் முதலில் சிரித்தன, பிறகு அழுதன, பிறகு தூங்கின. அதிகாரி ஒரு குச்சியால் திரையைத் தொட்டு எண்ணிக்கை சொல்லிக்கொண்டே வந்தார். அன்று வாரியத்தைப் பின்பற்றியோர் இருநூற்றுப் பதினான்கு. ஊர்திக்கு முன்னால் பதினோரு கிலோமீட்டருக்குச் சாலையில் ஒரு வண்டியும் இல்லாததால் அந்தப் பகுதியில் விபத்து எதுவும் இல்லை. கடந்த ஆண்டோடு ஒப்பிட்டால் இது நூறு விழுக்காடு முன்னேற்றம்.

இருபதாவது நிமிடத்தில் வரிசையின் பின்பகுதியில் ஒரு விளக்கு சுழல்வது தெரிந்தது. கார்கள் ஓரத்து மண்ணில் இறங்கி இறங்கி வழிவிட, விளக்கு கிட்ட வந்தது. ஆம்புலன்ஸ். அது மரியாதை ஊர்தியின் நேர்பின்னால் வந்து நின்றது. அதாவது முப்பதில் வந்தது. ஓட்டுநரின் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. பதிவில் ஒலி இல்லை.

நிதானம் அன்று அதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்திருந்தார். ஓரத்துக்கு இறங்க இடமில்லாமல், டிரம்மின் கனத்தோடு, தன் தடத்தில் வியர்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் வியர்த்தது.

"தொடர்ந்து ஒலியெழுப்பியது, ஒன்று," என்றார் அதிகாரி. "மரியாதைக் குறைவு, முதல் நிலை. பத்தொன்பது நிமிஷம் விடாம அடிச்சாங்கன்னு நீங்களே குறிச்சு வெச்சிருக்கீங்க சார்."

"உள்ளே யாரோ இருந்திருப்பாங்களே," என்றாள் மனைவி. இந்த முறை அவள் குரலில் பணிவு இல்லை.

தலைவர் வருத்தமாகத் தலையாட்டினார். அவரும் அதை யோசித்துப் பார்த்தவர்தான். விசாரிக்கவும் சொல்லியிருந்தார். "உள்ளே இருந்தவர்கிட்டேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு புகாரும் வரலைம்மா," என்றார். "ஓட்டுனவர்தான் கத்தினார். படுத்திருந்தவர் கடைசி வரைக்கும் பொறுமையா இருந்திருக்கார். அதான் பக்குவம்."

மனைவியின் கை கணவரின் முழங்கையைப் பிடித்தது. நகம் பதிந்தது. அவர் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று முப்பத்தொன்பது.

கடைசி நிமிடத்தில் அவருடைய வண்டி முன்னேறியது. அதுவரை திரையின் ஓரத்தில் இருந்த பெரிய ஆரஞ்சு டிரம் சுழன்றபடியே நகர்ந்து, வெளியே போயிற்று. நான்கு வினாடி. அதை மட்டும் அதிகாரி மூன்று தடவை போட்டுக் காட்டினார். திருப்பிப் போடுவது முந்துதலில் சேராது.

"இவ்வளவு அவசரமா எங்க கொண்டு போனீங்க?" என்று தலைவர் கேட்டார்.

நிதானம் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். கலவை வண்டிக்காரர்கள் ஒவ்வொரு சுமைக்கும் வாங்கும் சீட்டு; ஆலையை விட்ட நேரம், கொட்டிய நேரம், கொட்டிய இடம், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். எழுந்து போய்க் கொடுத்தால் தலைவரை முந்தியதாகிவிடும். அதனால் தோளுக்கு மேலாக நீட்டினார். தலைவர் பார்க்காமலே வாங்கி அதிகாரியிடம் தள்ளினார். அதிகாரி படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி படித்தார்.

கொட்டிய இடம்: தட மரியாதை வாரியம், புதிய தலைமையகக் கட்டடம், ஒன்றாம் எண் தூண்.

ஏவலர் வெளியே இருந்த காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

புதிய தலைமையகத்தில் ஆறு தூண்களுக்குப் பதிலாக ஒரே ஒரு தூண்தான் நிற்கிறது என்பது வாரியத்துக்குத் தெரியும். மற்ற ஐந்து ஏன் வரவில்லை என்று ஒப்பந்தக்காரருக்கு மூன்று நினைவூட்டல் அனுப்பி, பதில் வராததால் நான்காவதையும் அனுப்பியிருந்தார்கள். ஐந்து வண்டிகளும் கடைசிவரை மரியாதை ஊர்தியைக் கடக்காமல் வந்து, இறுகிப்போன கலவையுடன் வாசலில் நின்றதை ஒப்பந்தக்காரர் முதல் பதிலிலேயே எழுதியிருந்தார். அந்தப் பதில் வரிசையில் பின்னால் இருந்ததால் இன்னும் பிரிக்கப்படவில்லை.

நிதானத்தின் நெஞ்சில் முதல்முறையாக ஒரு சின்ன நம்பிக்கை தலைதூக்கியது. வாரியத்தின் கட்டடத்துக்காகத்தானே போனோம். அதைப் பார்த்தாவது மனம் இறங்க மாட்டார்களா. மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், நகத்தை எடுத்தாள்.

தலைவர் நெடுநேரம் யோசித்தார். மணி நான்கைத் தாண்டியது. பிறகு அவர் எழுந்து நின்று, மேசைமீது இரண்டு கைகளையும் ஊன்றி, உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். செயலர் அம்மாள் மறுகோடியில் இருந்தபடி எழுதினார். கேட்கவில்லை என்று அவர் சைகை செய்யும்போதெல்லாம் தலைவர் தொடக்கத்திலிருந்து மறுபடி சொன்னார்.

உத்தரவின் சாரம் இது. ஓட்டுநர் முந்தியது குற்றம். ஆனால் இன்றைக்கு இரண்டு மணியிலிருந்து வாரியத்தின் பின்னால் அமைதியாக உட்கார்ந்திருந்ததன் மூலம் அவர் திருந்திவிட்டதாக வாரியம் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்கிறது. அவருடைய உரிமம் திருப்பித் தரப்படுகிறது.

நிதானம் கண்ணை மூடித் திறந்தார்.

"ஒரு விஷயம் பாக்கி இருக்கு," என்றார் தலைவர். "அந்தத் தூண். அது முந்தி வந்த கலவை. நாளைக்கு அந்தக் கட்டடத்துல உட்கார்ந்து நான் பொறுமையப் பத்திப் பேசணும். முந்தி வந்த தூண்மேல உட்கார்ந்துக்கிட்டு எந்த முகத்தோட பேசுறது? ஆகையால தூணை இடிச்சுடுங்க. கட்டுமானப் பிரிவுக்கு எழுதுங்கம்மா. மத்த அஞ்சு தூணும் எப்படி இருக்கோ அப்படியே இதுவும் இருக்கணும்."

செயலர் அம்மாள் எழுதி முடித்து, ஒரு தடவை படித்து, கையெழுத்துக்கு ஏவலர் மூலம் அனுப்பினார். ஏவலர் மேசையின் மறுபக்கமாக வந்து, தலைவர் கையெழுத்திட்டதும், கண்ணாடிக் குண்டைத் தூக்கி அடியிலிருந்த உரிமத்தையும் எடுத்துக்கொண்டார். கூடவே கலவைச் சீட்டையும், அதிகாரி கொடுத்த ஒளிப்பதிவுத் தட்டையும். எல்லாம் மறுகோடிக்குப் போயின. மணி நான்கு இருபத்திரண்டு.

நிதானம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். செயலரிடம்தான் உரிமத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். இருவரும் கிளம்பும்போதே தலைவரும் கை கழுவுவதற்காகக் கதவை நோக்கி நடக்கத் தொடங்கினார். மேசைக்கும் சுவரோரப் பீரோக்களுக்கும் நடுவே ஒரு நடைவழி. இரண்டு பேர் தாராளமாகப் போகலாம். தலைவர் நட்டநடுவில் போனார். இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு பீரோவையும் பார்த்து ரசித்தபடி போனார்.

பீரோ பக்கமாக உடம்பைத் திருப்பினால் தாராளமாகக் கடந்துவிடலாம். அதைப் பார்த்தவுடனேயே நிதானத்துக்கு உள்ளங்கால் கூசியது. இன்னும் முத்திரை வைக்கவில்லை. அவர் இன்னும் குற்றம் சாட்டப்பட்டவரே. காலை இழுத்து இழுத்துப் பின்னால் நடந்தார்.

அப்போதுதான் தலைவரின் தோளுக்கு மேலாக அதைக் கண்டார். செயலர் அம்மாள், உத்தரவையே கட்டுமானப் பிரிவுக்கான கடிதமாக்கி, அதை மூன்றாக மடித்து நீளமான உறைக்குள் வைத்தார். பிறகு காலையிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்த இணைப்புப் பட்டியலை எடுத்து, பேனாவால் ஒவ்வொன்றாக அடையாளமிட்டார். இணைப்பு ஒன்று என்று சொல்லிக்கொண்டே உரிமத்தை எடுத்து, கடிதத்தோடு சேர்த்துக் குத்தூசி போட்டு உறைக்குள் செருகினார்.

"மேடம்," என்றார் நிதானம். "மேடம், அது என் உரிமம்."

"ஆமா. இணைப்பு ஒண்ணு," என்றார் அவர், நிமிராமலே.

"அதைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு போட்டிருக்காங்களே."

செயலர் அம்மாள் பொறுமையாக விளக்கினார். கெட்ட மனம் உள்ளவர் அல்ல. பதினைந்து வருடத்தில் ஒரு இணைப்பைக்கூடத் தவறவிடாதவர். வழக்கில் மேசைமீது வைத்த பொருள் எல்லாம் இணைப்பு. இணைப்பு இல்லாமல் கடிதம் போனால் கட்டுமானப் பிரிவு வாங்காது. அவர்கள் பார்த்து, தூணை இடித்து, இடித்ததற்கு அறிக்கை எழுதி, இணைப்புகளோடு திருப்பி அனுப்புவார்கள். வந்த அன்றைக்கே உரிமத்தைக் கொடுத்துவிடலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டார்.

அரக்குக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டினார். நுனி பளபளத்து இளகியது.

இடையில் தலைவர் இருந்தார். நான்கு பீரோ தூரம் மீதி. நிதானத்தின் வலது கால் தானாகவே பீரோ பக்கம் ஒரு அடி வைத்துவிட்டது. அதை அவர் பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். அளவீட்டு அதிகாரி மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து, குறிப்பேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். கால் பின்னுக்கு வந்தது.

"சார்," என்றாள் மனைவி. "கொஞ்சம் வழி விடுங்க சார்."

தலைவர் நின்றார். முழுவதுமாக நின்றார். பிறகு அன்று முதல்முறையாகத் திரும்பி அவர்களை நேருக்கு நேர் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"கேட்டீங்க பாருங்க," என்றார். "வாயைத் திறந்து கேட்டீங்க. பதினோரு வருஷத்துல ஒருத்தர் இப்படி மரியாதையா கேட்டதில்லம்மா. எல்லாரும் ஹாரன்தான் அடிப்பாங்க. இப்படிக் கேட்டா யாருக்குத்தான் வழி விட மனசு வராது? நீங்க கேட்ட விதம் இருக்கே, அத நான் எங்க ஆண்டறிக்கையிலயே போடணும். முன்னுரையில. உங்க கடையில எத்தனை பேர் வேலை செய்றீங்க? அவங்ககிட்டயும் சொல்லுங்க. முதல்ல நிக்கணும். அப்புறம் மூச்சு விடணும். அப்புறம் கேட்கணும்."

அவர் நடைவழியின் நடுவில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பேசினார். அவருடைய இடது கைக்கு அடியில் நிதானத்துக்குக் குட்டி மேசை மட்டும் தெரிந்தது. அரக்கு உறையின்மேல் நான்கு சொட்டு விழுந்தது. பித்தளை முத்திரை அதன்மேல் இறங்கி, அழுத்தி, எழுந்தது. செயலர் அம்மாள் குனிந்து உஃப் என்று ஊதினார். இனி நிதானம் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை.

"இப்ப தாராளமாப் போங்க தம்பி," என்று தலைவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

நிதானம் போனார். ஐந்து எட்டில் குட்டி மேசையை அடைந்து, உறையின்மேல் கையை வைத்தார். உரிமத்தின் விளிம்பு காகிதத்துக்குள் கெட்டியாகத் தட்டுப்பட்டது. அரக்கு இன்னும் சூடாக இருந்தது.

"முத்திரை வெச்சாச்சே," என்றார் செயலர் அம்மாள். நிதானத்தின் கையை மெல்ல, விரல் விரலாக, எடுத்துவிட்டார். அதட்டலே இல்லை. "முத்திரைய உடைச்சா உத்தரவு போயிடும். உத்தரவு போயிட்டா நீங்க மறுபடியும் குற்றம் சாட்டப்பட்டவர். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் உறையின் மூலையில் சிவப்பு மையால் 'அவசரம்' என்று ஒரு முத்திரை குத்தினார். அனுப்புகைப் பதிவேட்டில் எண், நாள், நேரம் எழுதினார். நேரம் நான்கு முப்பத்து மூன்று. எதன் மூலம் என்ற கட்டத்தில் 'மரியாதை ஊர்தி' என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, மையொற்றுத் தாளால் ஒற்றி, உறையை ஏவலரிடம் நீட்டினார். ஏவலர் அதைத் தோல்பைக்குள் போட்டு, வாரை இழுத்துக் கட்டி, படியின் நட்டநடுவில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.